முதல் பத்து நிமிடம் உங்கள் கையில்: நாய் மாத்திரையை விழுங்கிவிட்டால்…

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார். கிளினிக்கில் நீங்கள் மட்டும். போன் அடிக்கிறது.

"அண்ணே, டாக்டர் உண்டா? அம்மைக்க மாத்திரைய பட்டி தின்னுட்டு. இப்பம் என்ன செய்யணும்?"

இந்த இடத்தில் ஒருவர், "டாக்டர் நாலு மணிக்குத்தான் வருவாரு, பொறவு கூப்பிடுங்க" என்று போனை வைத்துவிடுவார். இன்னொருவர் பேனாவை எடுப்பார். பேனாவை எடுப்பவரைத்தான் டாக்டர் நம்புவார், வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கேட்பார், அடுத்த இன்க்ரிமென்ட் தேடி வரும். அந்த நாய் பிழைப்பதற்கான வாய்ப்பும் அவர் கையில்தான் கூடும். உங்களை அந்தப் பேனா எடுக்கும் ஆளாக்குவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம், கருங்கல் என எங்கே வேலை பார்த்தாலும் இது உங்களுக்குப் பொருந்தும். பெட் கிளினிக் ரிசப்ஷனில் இருக்கலாம், டாக்டருக்கு அசிஸ்டென்ட்டாக இருக்கலாம், பெட் ஷாப், குரூமிங் சென்டர், மெடிக்கல் ஷாப் கவுன்டர் என்று எங்கும் நிற்கலாம். வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸாகவும் இருக்கலாம். நம் மாவட்டத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். வீட்டில் வயதான அப்பா, அம்மா. அவர்களுக்கு சுகர், பிரஷர், தைராய்டு என்று ஒரு மாத்திரை டப்பா. துணைக்கும் காவலுக்கும் ஒரு நாய். டப்பாவும் நாயும் ஒரே வீட்டில் இருக்கும்வரை இந்த போன் வந்துகொண்டேதான் இருக்கும்.

அமெரிக்காவில் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற அமைப்பு விலங்குகளுக்கென்றே 24 மணி நேர நச்சு ஆலோசனை மையம் நடத்துகிறது. அங்கே வரும் அழைப்புகளில் மனிதர்களின் மருந்துகளுக்கு ஆண்டுதோறும் முன்வரிசையில் இடம் உண்டு. நம் ஊரில் அந்த வேலையை யார் செய்கிறார்கள்? போனை எடுக்கும் நீங்கள்தான். அதனால் படித்துத் தயாராகுங்கள்.

1. முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்

பதற்றத்தில் வார்த்தை வராது. அதனால் வார்த்தையை முன்கூட்டியே தயார் செய்துவிடுங்கள். இப்படி: "உடனே கூப்பிட்டது நல்லது. மீதி மாத்திரைய எல்லாம் எடுத்து மேல வையுங்க. நாயை ஒரு ரூம்ல தனியா விடுங்க. நான் அஞ்சு கேள்வி கேக்கேன், ஒண்ணொண்ணா பதில் சொல்லுங்க."

இந்த நான்கு வாக்கியத்தில் மூன்று வேலை முடிகிறது. நாய் மேலும் தின்பது நிற்கிறது. வீட்டில் உள்ள இன்னொரு நாய் தப்பிக்கிறது. கூப்பிட்டவர் அழுகையை நிறுத்திவிட்டு உங்கள் கேள்விக்குக் காது கொடுக்கிறார். "நீங்க ஏன் மாத்திரைய கீழ வச்சீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். குற்ற உணர்ச்சியில் ஆட்கள் உண்மையை மறைப்பார்கள். மறைத்தால் நஷ்டம் நாய்க்கு.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், அதுவும் மாத்திரையை எடுத்ததா என்று அப்போதே கேளுங்கள். சந்தேகம் இருந்தாலே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். குழந்தைக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

2. ஐந்து 'எ'

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: என்ன, எத்தனை, எப்போது, எடை, எப்படி.

என்ன மாத்திரை? பெயரை வாசிக்கச் சொல்லாதீர்கள். அட்டையை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பிராண்ட் பெயர் ஏமாற்றும். ஒரே பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்து கூடினால் உள்ளே இன்னொரு மருந்து சேர்ந்திருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் கெமிக்கல் பெயரும் மில்லிகிராமும்தான் உங்களுக்கு வேண்டும்.

எத்தனை? ஊகம் வேண்டாம், கழித்தல் கணக்கு போடுங்கள். நேற்று வாங்கிய அட்டையில் 15. பாட்டி போட்டது 2. தரையில் கிடப்பது 6. அப்படியானால் 7 நாயின் வயிற்றில். கணக்கு தெளிவாக வராவிட்டால் அதிகபட்ச எண்ணையே எழுதுங்கள். இரண்டு நாய் இருந்து எது தின்றது என்று தெரியாவிட்டால், இரண்டும் முழுவதையும் தின்றதாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டையையே கடித்து விழுங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். அந்த அலுமினியத் தாளும் பிளாஸ்டிக்கும் குடலைக் கிழிக்கலாம், அடைக்கலாம்.

எப்போது? "கொஞ்ச நேரம் முன்னால" என்பது பதில் ஆகாது. கடைசியாக மாத்திரையை முழுதாகப் பார்த்தது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். டாக்டர் வாந்தி எடுக்கவைத்துப் பயன் கிடைக்கும் நேரம் பொதுவாக முதல் ஒன்று, இரண்டு மணி நேரம்தான்.

எடை என்ன? தெரியவில்லை என்பார்கள். வீட்டில் எடை மெஷின் இருந்தால் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இனம், வயது கேளுங்கள். பழைய நோயாளி என்றால் உங்கள் ரெஜிஸ்டரில் கடைசித் தடுப்பூசி நாளின் எடை இருக்கும். எடை எழுதும் பழக்கம் இல்லாத கிளினிக்கில் வேலை பார்த்தால், நாளையிலிருந்து அந்தப் பழக்கத்தை நீங்கள் தொடங்குங்கள்.

இப்போது எப்படி இருக்கிறது? வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், மூச்சிரைப்பு, வலிப்பு இருக்கிறதா? உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்க்கச் சொல்லுங்கள். ரோஜா நிறம் என்றால் நல்லது. வெளுப்பு, நீலம், சேற்றுப் பழுப்பு என்றால் அவசரம். கூடவே, பழைய சிறுநீரக நோய், ஈரல் நோய், கர்ப்பம் உண்டா என்று ஒரு வரி.

3. வகுத்தல் தெரிந்தவர் முன்னால் நிற்பார்

நஞ்சு என்பது அளவில் இருக்கிறது. மொத்த மில்லிகிராமை நாயின் எடையால் வகுங்கள். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும் எண்தான் டாக்டர் முதலில் கேட்பது.

டோலோ 650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 650 மில்லிகிராம் பாராசிட்டமால். 5 கிலோ பொமரேனியன் ஒன்றை விழுங்கினால் கிலோவுக்கு 130. நாய்களில் கிலோவுக்கு 100-ஐத் தாண்டினால் ஈரல் பாதிப்பை எதிர்பார்க்க வேண்டும். அதே ஒரு மாத்திரை 30 கிலோ லேப்ரடாருக்கு கிலோவுக்கு 22-க்கும் குறைவு. ஆனால் லேப்ரடார் ஒன்றோடு நிறுத்துவது அபூர்வம். 15 மாத்திரை அட்டை முழுவதும் உள்ளே போயிருந்தால் கிலோவுக்கு 325. மாத்திரை அதேதான், எண்ணிக்கையும் எடையும் கதையை மாற்றிவிடுகின்றன.

பூனை என்று போன் வந்தால் வகுத்துக்கொண்டு உட்காராதீர்கள். பாராசிட்டமாலைச் செரிக்கும் வழி பூனையின் ஈரலில் மிகப் பலவீனம். கிலோவுக்கு 10 மில்லிகிராமே ஆபத்து. ஒரு மாத்திரை உயிரை எடுக்கும். உடனே கிளம்பச் சொல்லுங்கள்.

4. சிவப்புப் பட்டியலைத் தலையில் ஏற்றுங்கள்

எல்லா மருந்தையும் யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. நம் வீடுகளில் அதிகம் புழங்குவதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரைகள்: ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன். வயிற்றில் புண், ரத்த வாந்தி, கறுப்பு மலம். அளவு கூடினால் சிறுநீரகம் போகும். காம்பிஃப்ளாம் ஒன்றில் ஐபுபுரோஃபென் 400, பாராசிட்டமால் 325 என இரண்டு ஆபத்து. 8 கிலோ நாய்க்கு ஐபுபுரோஃபென் மட்டுமே கிலோவுக்கு 50 ஆகிவிடும்.

சுகர் மாத்திரைகள்: கிளிமெபிரைடு, கிளிக்ளாசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை சர்க்கரையைச் சடாரென்று இறக்கும். நாய் தள்ளாடும், மயங்கும், வலிப்பு வரும். இரண்டு மணி நேரம் நன்றாக இருந்தது என்று வீட்டுக்கு அனுப்ப முடியாது; நாள் முழுக்கக் கவனிக்க வேண்டிவரும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் வாந்தி, பேதி. ஆனால் இங்கே பலரும் போடுவது இரண்டும் சேர்ந்த மாத்திரை. அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

பிரஷர், இதய மாத்திரைகள்: அம்லோடிபின், அட்டெனலால், மெட்டோபுரோலால். சின்னதாக இருக்கும், ஆபத்து பெரிது. ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் விழும். 5 மில்லிகிராம்தானே என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள்.

டி.பி. மாத்திரை: இதைப் பலர் கோட்டைவிடுவார்கள். ஐசோனியசிட் என்ற மருந்தை ஈரலில் மாற்றி வெளியேற்றும் முக்கிய வழி நாயின் உடலில் இல்லை. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வலிப்பு வரும், அடுக்கடுக்காக வரும். அரசு தரும் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை ஒன்றில் ஐசோனியசிட் 75 மில்லிகிராம். எடைக்கேற்ப ஒரு பெரியவர் தினமும் போடும் 4 மாத்திரையில் 300. அதை 5 கிலோ நாய் விழுங்கினால் கிலோவுக்கு 60; இது சாகும் அளவு. மாற்று மருந்து உண்டு: பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6 ஊசி. போனில் "டி.பி. மாத்திரை" என்று காதில் விழுந்த உடனேயே அந்த ஊசி ஸ்டாக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வைட்டமின் டி: வாரத்துக்கு ஒன்று என்று தரும் 60,000 யூனிட் கேப்ஸ்யூல். வைட்டமின்தானே என்பார்கள். ஒன்றில் 1.5 மில்லிகிராம் வைட்டமின் டி3 இருக்கிறது. கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினாலே ரத்தத்தில் கால்சியம் ஏறத் தொடங்கலாம். 10 கிலோ நாய்க்கு ஒரே கேப்ஸ்யூல் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். முதல் நாள் நாய் துள்ளி விளையாடும். இரண்டாம், மூன்றாம் நாளில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், சாப்பிடாது, சிறுநீரகம் அடிவாங்கும்.

இரும்புச் சத்து மாத்திரை: பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் நீல மாத்திரையும் கர்ப்பிணிகளுக்கான சிவப்பு மாத்திரையும் பல வீடுகளில் போடாமலே கிடக்கும். இனிப்புப் பூச்சுக்காக நாய் மொத்தமாக விழுங்கும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் இரும்பிலேயே கோளாறு தொடங்கும், 60-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

மாத்திரை அல்லாதவை: ஆஸ்துமா இன்ஹேலரைக் கடித்தால் சால்பியூட்டமால் ஒரேயடியாக உள்ளே போய் இதயம் தறிகெட்டு ஓடும். முடி வளர்க்கும் மினாக்சிடில் லோஷன், சோரியாசிஸுக்கான கால்சிபோட்ரியால் களிம்பு, 5-ஃப்ளூரோயுராசில் களிம்பு ஆகியவை கொஞ்சம் நக்கினாலும் அவசரமே. சுகர் ஃப்ரீ சூயிங்கம்மிலும் சில சிரப்பிலும் சைலிட்டால் இருக்கும். மனிதனுக்கு இனிப்பு, நாய்க்கு சர்க்கரையை இறக்கும் நஞ்சு.

தைராய்டு மாத்திரையை ஒப்பிட்டுப் பாருங்கள். நாய்க்குத் தைராய்டு நோய் வந்தால் மனிதனைவிடப் பல மடங்கு அதிக அளவு கொடுக்கிறார்கள். அதனால் ஒன்றிரண்டு விழுங்கினால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். எதற்குப் பதற வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று பிரித்தறிவதும் உங்கள் திறமையின் பகுதி. ஆனாலும் முடிவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

5. கை வைத்தியத்தைத் தடுத்து நிறுத்துங்கள்

நீங்கள் பேசும்போதே பக்கத்து வீட்டுக்காரர் உப்புத் தண்ணியோடு நிற்பார். "ஒண்ணும் கொடுக்காதீங்க" என்று அழுத்திச் சொல்லுங்கள். காரணத்தையும் சொன்னால்தான் கேட்பார்கள்.

உப்புக் கரைசல் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, மாத்திரையைவிட வேகமாக நாயைக் கொல்லலாம். பாலும் பச்சை முட்டையும் மருந்தை முறிக்காது. தேங்காய் எண்ணெயைப் புகட்டினால் நுரையீரலுக்குள் போகும். தொண்டையில் விரல் விட்டால் நாய் வாந்தி எடுக்காது, கடிக்கும். இணையத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்று படித்துவிட்டு வருவார்கள். அங்கே சொல்லப்படுவது 3 சதவீதக் கரைசல். நம் மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாகக் கிடைப்பதோ 20 வால்யூம், அதாவது 6 சதவீதம். இரண்டு மடங்கு காரம், வயிற்றைப் புண்ணாக்கும். மெடிக்கல் ஷாப்பில் இருப்பவர்களே, நாய்க்கு என்று சொல்லி அதைக் கேட்டால் டாக்டரிடம் பேசாமல் கொடுக்காதீர்கள்.

வாந்தி எடுக்கவைப்பது டாக்டரின் முடிவு. மயக்கமாக, வலிப்போடு, மூச்சுத் திணறலோடு இருக்கும் நாயை வாந்தி எடுக்கவைத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா ஆகும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

சுகர் மாத்திரைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நாய் தள்ளாட ஆரம்பித்து, நினைவும் இருந்தால், ஈறில் தேன் தடவிக்கொண்டே வரும்படி டாக்டர் போனில் சொல்லலாம். மார்த்தாண்டம் தேன் இல்லாத வீடு இங்கே குறைவு. ஆனால் டாக்டர் சொன்ன பிறகுதான் தடவ வேண்டும்.

6. இருபது வினாடி ரிப்போர்ட்

இப்போது டாக்டரைக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு நடுவில் அவர் கதை கேட்க மாட்டார். இப்படிச் சொல்லுங்கள்:

"சார், பொமரேனியன், 5 கிலோ. டோலோ 650 ரெண்டு, அரை மணி நேரம் முன்னால. கிலோவுக்கு 260 மில்லிகிராம். வாந்தி இல்ல, நல்லா நடக்குது, ஈறு ரோஸ். தக்கலையில இருந்து கிளம்பச் சொல்லட்டுமா?"

எது, எவ்வளவு, எப்போது, நிலைமை, உங்கள் கேள்வி. அவ்வளவுதான். இதே வரிசையில் மூன்று முறை ரிப்போர்ட் செய்தால் போதும், நான்காவது முறை டாக்டர் உங்களை வேறு கண்ணால் பார்ப்பார். புது கிளை திறக்கும்போது யாரை இன்சார்ஜ் ஆக்குவது என்று யோசிக்கும்போது உங்கள் பெயர்தான் முதலில் வரும்.

7. வழியையும் வண்டியையும் நீங்கள் யோசியுங்கள்

பேச்சிப்பாறைப் பக்கமிருந்து ஒரு நாயைக் காரில் நாகர்கோவிலுக்குக் கொண்டுவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மருந்து அதற்குள் ரத்தத்தில் சேரத் தொடங்கிவிடும். அதனால் பக்கத்தில் எந்த டாக்டர் இருக்கிறார் என்பது உங்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவாரே என்று தயங்காதீர்கள். உயிர் பிழைத்த நாயின் சொந்தக்காரர் உங்களைத்தான் நினைவில் வைப்பார், நாலு பேரிடம் சொல்வார்.

ஒரு பட்டியல் தயாரித்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு ஊரிலும் இருக்கும் கால்நடை மருத்துவர்கள், அவர்களின் நேரம், இரவில் எடுப்பவர் யார், ஞாயிற்றுக்கிழமை திறப்பவர் யார். பெரிய சிகிச்சைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில் திருவனந்தபுரம். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தவர்களுக்கு அதுதான் நெருக்கம். 1962 என்ற கால்நடை ஊர்தி எண்ணையும் எழுதுங்கள். அது பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கான சேவை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கிளம்புகிறவரிடம் சொல்ல வேண்டியவை: அட்டையையும் மீதி மாத்திரையையும் கொண்டுவாருங்கள். வாந்தி எடுத்திருந்தால் ஒரு கவரில் எடுத்துவாருங்கள். வாந்தி எடுக்கும் நாயின் வாயைக் கட்டாதீர்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் கை விடாதீர்கள். தலை இடிக்காமல் துணியை வையுங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் நாயோடு பின்னால் உட்காருங்கள்.

8. டாக்டர் வருவதற்குள் டேபிள் தயாராக இருக்கட்டும்

டாக்டர் என்ன செய்வார் என்று தெரிந்தவரே நல்ல அசிஸ்டென்ட். முதலில் எடை, உடல் சூடு, இதயத் துடிப்பு. நேரம் இருந்தால் வாந்தி. அதன் பிறகு கிலோவுக்கு 1 முதல் 2 கிராம் ஆக்டிவேட்டட் சார்கோல். குடலில் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கரி அது. இரும்பு மாத்திரையை அது பிடிக்காது. அடுத்து ட்ரிப்ஸ். பாராசிட்டமாலுக்கு என்-அசிட்டைல் சிஸ்டீன். வலி மாத்திரைக்கு வயிற்றைக் காக்கும் பான்டபிரசோல், சுக்ரால்ஃபேட். சுகர் மாத்திரைக்கு குளுக்கோமீட்டரும் டெக்ஸ்ட்ரோஸும். வலிப்புக்கு டயசிபாம்.

ட்ரேயில் கேத்தீட்டர், ட்ரிப்ஸ் செட், சிரிஞ்ச், ரத்த மாதிரிக் குழாய், குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் எல்லாம் இருக்க வேண்டும். மாதத்தின் முதல் நாள் காலாவதித் தேதிகளைப் பாருங்கள். மாற்று மருந்து ஸ்டாக் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். "அன்றைக்கே சொன்னேன்" என்று பிறகு சொல்வதால் எந்த நாயும் பிழைக்காது.

9. உங்கள் எல்லை எது என்று தெரிந்து நில்லுங்கள்

ஆர்வக் கோளாறில் பலர் விழும் குழி இது. இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டம், 1984-ன்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் மருத்துவம் பார்க்க முடியும். மற்றவர்கள் அவரது மேற்பார்வையில் சிறிய வேலைகளைச் செய்யலாம். நீங்கள் போனில் செய்வது தகவல் சேகரிப்பு, ஆபத்தைத் தடுப்பது, டாக்டரிடம் சேர்ப்பது. "ஒண்ணும் ஆகாது" என்ற சொல்லை உங்கள் அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதைச் சொல்லும் உரிமையும் பொறுப்பும் டாக்டருடையது. "டாக்டர்கிட்ட கேட்டு அஞ்சு நிமிஷத்துல திரும்பக் கூப்பிடுவேன்" என்று சொல்லுங்கள். நான்காவது நிமிடத்தில் கூப்பிடுங்கள்.

இந்த எல்லை உங்களுக்குக் கசக்கிறதா? அப்படியானால் படியுங்கள். டி.ஃபார்ம் இரண்டு வருடம். கால்நடை மருத்துவப் பட்டம் இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருடம். நம் நாகர்கோவில் கேத்தரின் பூத் மருத்துவமனையே, 1893-ல் சால்வேஷன் ஆர்மியின் ஹாரி ஆண்ட்ரூஸ் தொடங்கிய சின்ன மருந்தகத்திலிருந்து வளர்ந்தது. தொடங்கும்போது அவர் டாக்டர் இல்லை. பிறகுதான் முறையாக மருத்துவம் படித்தார். கையில் இருந்த அறிவோடு ஆரம்பித்தார், போதாது என்று தெரிந்ததும் படிக்கப் போனார். உங்களுக்கும் அந்த வரிசைதான்.

10. மெடிக்கல் ஷாப்பில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை

நாய் தானாகத் தின்பது பாதிதான். "நாய்க்குக் காய்ச்சல், ஒரு டோலோ குடுங்க" என்று கேட்டு வாங்கிப்போய், அன்போடு ஊட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு உடலுக்கு மருந்தானது இன்னொன்றுக்கு நஞ்சு. டைக்ளோஃபெனாக் போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்று நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செத்து லட்சக்கணக்கில் விழுந்தன. அதனால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது.

அதனால் கவுன்டரில் யாராவது வலி மாத்திரை கேட்கும்போது நாய் என்ற சொல் காதில் விழுந்தால் கையை நிறுத்துங்கள். "அண்ணாச்சி, இது நாய்க்கு ஆகாது, டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். ஒரு மாத்திரை விற்பனை போகும். ஒரு குடும்பம் ஆயுசுக்கும் உங்கள் கடைக்கு வரும்.

11. ஹோம் நர்ஸ்களுக்கு: டப்பா உங்கள் பொறுப்பு

நீங்கள் வேலை பார்க்கும் வீட்டில் நாய் இருந்தால் முதல் நாளே மூன்று காரியம் செய்யுங்கள். மாத்திரை டப்பாவை நாய் எட்டாத உயரத்தில், கதவுள்ள அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவை நாய் விளையாட்டுப் பொருளாக நினைத்து ஒரே கடியில் திறந்துவிடும். பாட்டிக்கு மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள், விழுங்கும்வரை நில்லுங்கள். நடுங்கும் கையிலிருந்து விழும் ஒரு மாத்திரை நேராக நாயின் வாய்க்குத்தான் போகும். எல்லா மருந்தின் அட்டையையும் போட்டோ எடுத்து உங்கள் போனில் ஒரு ஃபோல்டரில் வையுங்கள்.

துபாயில் இருக்கும் மகன் வீடியோ காலில் வரும்போது இந்த ஏற்பாட்டைக் காட்டுங்கள். அம்மாவையும் நாயையும் ஒருசேரப் பார்த்துக்கொள்கிற ஆள் என்று அவர் நம்பிவிட்டால், உங்களை மாற்ற அவருக்கு மனம் வராது. செய்த வேலையைச் சொல்லிக்காட்டுவதில் கூச்சம் வேண்டாம்.

12. மூன்று நாள் விடாமல் கூப்பிடுங்கள்

நாய் வீட்டுக்குப் போனதும் கதை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் சராசரி ஊழியர்கள். பாராசிட்டமாலில் ஈரல் பாதிப்பும், வலி மாத்திரையில் சிறுநீரகப் பாதிப்பும் ஓரிரு நாள் கழித்து வெளியே தெரியும். வைட்டமின் டி இன்னும் மெதுவாகக் காட்டும். டாக்டர் சொல்லும் நாட்களில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் செய்வது உங்கள் வேலை. 24, 48, 72 மணி நேரத்தில் ஒவ்வொரு போன். "சாப்பிட்டுதா? மூத்திரம் போகுதா? மலம் என்ன நிறம்? கண்ணு மஞ்சளா இருக்கா?" ஒரு நிமிடம் கூட ஆகாது.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, நாய், எடை, மருந்து, அளவு, நேரம், என்ன செய்யப்பட்டது, என்ன ஆனது. பிழைக்காத நாய்களையும் எழுதுங்கள். அவைதான் அதிகம் கற்றுத்தரும். ஒரு வருடம் கழித்து அந்த நோட்டு, எந்தச் சர்டிஃபிகேட்டும் தராத அறிவை உங்களுக்குத் தந்திருக்கும்.

13. இன்டர்வியூவில் இதைச் சொல்லுங்கள்

"உங்களுக்கு அவசர நேரத்தைக் கையாளத் தெரியுமா?" என்று எந்த மேனேஜரும் கேட்பார். மற்றவர்கள் "நல்லா பண்ணுவேன் சார்" என்பார்கள். நீங்கள் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். போன் வந்த நேரம், கேட்ட ஐந்து கேள்வி, போட்ட வகுத்தல், டாக்டரிடம் சொன்ன ரிப்போர்ட், நாய் வந்து சேர்ந்த நிமிடம், மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை. நோட்டு கையில் இருந்தால் எண்கள் தானாக வரும். வாடிக்கையாளரின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். பெட் கிளினிக்கில் மட்டும் இல்லை, மருத்துவமனை ரிசப்ஷனிலும் கஸ்டமர் கேரிலும் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் டெஸ்கிலும் இந்தத் திறமைக்கு விலை உண்டு. பதறுகிறவரை அடக்கி, தேவையான தகவலை எடுத்து, முடிவெடுப்பவரிடம் சரியாகச் சேர்ப்பவர்கள் எங்கும் குறைவு.

இன்று ராத்திரி ஒரு வேலை

ஒரு அட்டை எடுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள்: என்ன, எத்தனை, எப்போது, எடை, எப்படி. அதன் கீழே டாக்டர்களின் எண்கள். அதற்கும் கீழே ஒரு வரி: "ஒன்றும் கொடுக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்." போன் பக்கத்தில் ஒட்டுங்கள். வீட்டில் யாரையாவது நாய்க்காரராக நடிக்கச் சொல்லி இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். முதல் முறை திணறுவீர்கள். இரண்டாம் முறை வகுத்தல் சரியாக வரும்.

நாயால் தன் வயிற்றில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது. வாலை ஆட்டிக்கொண்டுதான் கிளினிக்குக்குள் வரும். அதற்காகக் கேள்வி கேட்டு, எண்ணி, வகுத்து, எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கும்போது, "அண்ணே, டாக்டர் உண்டா?" என்று அந்தக் குரல் கேட்டு முடிப்பதற்குள் உங்கள் கையில் பேனா இருக்கட்டும்.